கேஸ்கட்டுக்காக ஒரு விண்ணப்பம்

ஆகஸ்ட் 2, வெள்ளி

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் இந்த வாரம் எங்கள் வீட்டு முறை. வந்திருந்தவர்கள்: போதகர் ஜெபசிங் ஐயா, போதகரம்மா, சபைச் செயலர் தங்கதுரை அண்ணன், அவர் மனைவி கிரேஸ்பாய் அக்கா, தையல்கடை ரூபவதி, ரூபவதியின் மாமியார், நாசரேத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் எமிலி மதினி (என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா), என் வீட்டுக்காரர் எட்வின், நான். ஆக ஒன்பது பேர். டீ ஒன்பது. சுண்டல் மிஞ்சவில்லை. செலவு தனி நோட்டில் எழுதியாயிற்று.

பாட்டு, வசனம், ஐயாவின் சின்னப் பிரசங்கம், பிறகு விண்ணப்பங்கள். ரூபவதி மாமியாரின் முழங்கால். தங்கதுரை அண்ணன் மகனின் வேலை. மழை. கடைசி ஜெபம் வீட்டுக்காரி செய்வது வழக்கம். செய்தேன். வாசலில் நிற்கிற வண்டி ஆயில் ஒழுகுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

டீ ஒன்பது என்று மேலே எழுதியிருக்கிறேன். போட்டது ஒன்பது, குடித்தது எட்டு. என் வீட்டுக்காரருடையது ஜன்னல் கட்டையில் ஆடை படிந்து இருந்தது. கணக்கு என்றால் சரியாக இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 3, சனி

மதினி காலை பஸ்ஸில் ஊருக்குப் போனார்கள். அவரும் கூடப் போனார். மதினி வீட்டுத் தண்ணி மோட்டார் சத்தம் போடுகிறதாம். இரண்டு சட்டை எடுத்துக்கொண்டார். எப்போது வருவீர்கள் என்று கேட்டதற்கு, "மோட்டாரப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்தவருக்கு ஒரு மோட்டார் எவ்வளவு நேரம் பிடிக்கும்? சாயங்காலம் வந்துவிடுவார்.

ஒட்டடை அடித்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வரவில்லை. ஆராதனைக்குத் தனியாக ஆட்டோவில் போனேன். வாசலிலேயே எல்லாருக்கும் கேள்வி. நான் பொய் சொல்லுகிறவள் இல்லை. ஆகவே சொன்ன பொய்களைக் குறித்து வைத்துக்கொள்ளுகிறேன், பின்னால் மாற்றிப் பேசிவிடக் கூடாது பாருங்கள்:

போதகரம்மாவிடம்: கண் பரிசோதனை.
ரூபவதியிடம்: மதினிக்குத் துணை.
பால்காரரிடம்: மோட்டார் ரிப்பேர். (இது பொய் அல்ல. பொய்யா என்று தெரியவில்லை.)
பக்கத்து வீட்டு உலகம்மாள் அக்காவிடம்: கண் பரிசோதனை.

சாந்தசீலி என்று எனக்குப் பெயர் வைத்த கையோடு உண்மைசீலி என்றும் சேர்த்து வைத்திருந்தால் இரண்டும் ஒரே அளவுக்குப் பொருந்தியிருக்கும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

அலமாரியைத் துடைக்கும்போது பார்த்தேன். பிரஷர் மாத்திரை டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஒரு மோட்டாருக்கு ஒரு மாதத்து மாத்திரை. வாசிக்கிற கண்ணாடியும் இல்லை. பாட்டுப் புத்தகமும் இல்லை.

வெள்ளிக்கிழமை நான் ஜெபித்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். எழுதிப் பார்த்தால் அது எவ்வளவு சாதாரணம் என்று எனக்கே விளங்கும். "ஆண்டவரே, என் கணவர் யார் சொல்லும் கேளாமல் தானே வெட்டிப் போட்ட கேஸ்கட் ஒழுகுகிறதை நீர் அறிவீர். ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விடுகிற தாழ்மையை அவருக்குத் தாரும்." இதில் என்ன இருக்கிறது? வண்டிக்காகத்தானே ஜெபித்தேன்.

ஜெபத்தில் ஒரு வசதி உண்டு. எல்லாரும் கண்ணை மூடியிருப்பார்கள். நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது. முடிந்ததும் எல்லாரும் ஆமென் சொல்லியாக வேண்டும். அதை நான் யோசித்துச் செய்யவில்லை.

வாசலில் வண்டிக்கு அடியில் கறுப்பாக ஒரு வட்டம். பழைய வெள்ளைக் கார், எண்பத்தொன்பதாம் வருஷத்தது. அவர் இல்லாத வீட்டில் அது மட்டும் தவறாமல் சொட்டிக்கொண்டிருக்கிறது. அவர் வருவதற்குள் இந்த ஒழுகலை நானே நிறுத்திக் காட்டினால் என்ன என்று தோன்றியது. அவர் வந்து பார்ப்பார். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சும்மா நிற்பேன். அந்தச் சும்மா நிற்பதை நினைத்தாலே எனக்கு நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து வைத்துப் படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். தமிழ் வேதத்தையும் இங்கிலீஷ் வேதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தே இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். அதனால் பலிபீடம், ஒட்டகம், குஷ்டரோகம் எல்லாவற்றுக்கும் எனக்கு இங்கிலீஷ் தெரியும். நட்டுக்குத் தெரியாது. புரியாத சொல் வந்தால் தாண்டிப் போய்விட வேண்டும், பின்னால் தானாகப் புரியும் என்பது நான் படித்த முறை. இருபது வருஷமாக அது என்னைக் கைவிட்டதில்லை.

விளங்கினவரைக்கும்: எஞ்சினின் முன்பக்கத்தில் சைக்கிள் செயின் மாதிரி ஒரு செயின் ஓடுகிறது. அதை மூடியிருக்கிற தகர மூடிதான் டைமிங் கவர். மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு தாள். அதுதான் கேஸ்கட். மூடியின் நடுவில் ஒரு ஓட்டை, அதன் வழியாக ஒரு தண்டு வெளியே வந்து பெல்ட் ஓடுகிற புல்லியைச் சுற்றுகிறது. அந்த ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம், ஆயில் சீல். மூடியைக் கழற்ற வேண்டுமென்றால் ரேடியேட்டர், பெல்ட், புல்லி எல்லாம் கழற்ற வேண்டும். ஒரு தாளுக்காக இத்தனை.

தெற்கு பஜாரில் மைதீன் பாயின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

"டைமிங் கவர் கேஸ்கட் ஒண்ணு குடுங்க."

"எந்த மெக்கானிக்மா அனுப்பினாரு? போன் போடச் சொல்லுங்க, மாடல் மாறிடக் கூடாது."

"நான்தான் போடப் போறேன்."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். நான் மாறவில்லை.

"எட்வின் சார் வீட்டம்மாதானே? சார் போன மாசம் பேக்கிங் தாள் வாங்கிட்டுப் போனாரு. கேஸ்கட் வரதுக்கு ஒரு வாரம் ஆகும்னேன், நானே வெட்டிக்கிடுதேன்னு போனாரு. ஆயில் சீலும் கேட்டாரு. அப்ப ஸ்டாக் இல்ல. இப்ப வந்திருக்கு, வேணுமா?"

ஒழுகுவது கேஸ்கட், சீல் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் வேண்டாம் என்றால் தெரியாது என்று தெரிந்துவிடும். வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

காலை ஜெபம் முடித்து, சோறு வடித்துவிட்டு, அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். ரேடியேட்டர் தண்ணீரைக் குண்டானில் பிடித்தேன். கழற்றுகிற போல்ட்டுகளைப் போட்டு வைக்கப் பணியாரச் சட்டி. குழிக்கு ஒன்று, எந்த இடத்துப் போல்ட் எந்தக் குழி என்று சாக்பீஸில் எழுதிவிட்டேன். புத்தகம் எழுதினவனுக்கு இது தோன்றவில்லை.

புல்லியின் நடுவில் பெரிய நட்டு. ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால் எஞ்சினும் சேர்ந்து சுற்றுகிறது. வண்டியை டாப் கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை அமுக்கிக்கொள்ள வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. உலகம்மாள் அக்காவைக் கூப்பிட்டேன். டிரைவர் சீட்டில் ஏறினதும் அக்காவுக்கு முகமே மாறிவிட்டது. கொண்டையைச் சரி செய்துகொண்டு கண்ணாடியில் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார்.

"ஏட்டி சீலி, வண்டி கிளம்பிட்டுன்னா நான் எந்தப் பக்கம் குதிக்கணும்?"

"கிளம்பாதுக்கா. எஞ்சின் ஓடவே இல்ல. பிரேக்க மட்டும் அமுக்குங்க."

"அமுக்குதேன். அதென்ன, கண்ணு பாக்கப் போன மனுசன் பால்காரன்ட்ட மட்டும் மோட்டார் பாக்கப் போயிருக்காரு?"

நான் குனிந்து ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடம் என்ன சொன்னேன் என்று எழுதி வைத்தேனே தவிர, அவர்கள் ஒருவரோடொருவர் பேசுவார்கள் என்பதைக் கணக்கில் வைக்கவில்லை.

"சண்டையாட்டி?"

"இல்லக்கா."

"சண்டையில்லாம எவன் அக்கா வீட்டுக்குப் போவான்? சண்டை போட்டாத்தான் போவான். அமுக்கிட்டேன், திருப்பு."

ஸ்பேனரில் குழாயைச் செருகி முழு உடம்பையும் போட்டுத் தொங்கினேன். நட்டு விட்டது. நானும் விழுந்தேன். உள்ளே இருந்து அக்கா ஹாரனை அடித்தார். எதற்கென்று கேட்டால், எனக்கு உதவியாக என்றார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

கவரைக் கழற்றும் முன் டார்ச் அடித்துப் பார்த்தேன். கேஸ்கட் ஒழுகினால் மூடியின் ஓரம் நனைந்திருக்க வேண்டும். ஓரம் சுற்றிலும் காய்ந்து கிடந்தது. ரோட்டுத் தூசி மாவு மாதிரி உலர்ந்து ஒட்டியிருந்தது, விரலால் தொட்டால் உதிர்ந்தது. ஈரம் எல்லாம் நடு ஓட்டையில், புல்லிக்குப் பின்னால். அங்கிருந்து வழிந்து கீழே சொட்டியிருக்கிறது.

போல்ட்டுகளை எடுத்து மூடியைத் தட்டினேன். வரவில்லை. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தது. நெம்பினேன். அவர் வெட்டின தாள் இரண்டாகக் கிழிந்து பாதி மூடியிலும் பாதி எஞ்சினிலுமாக வந்தது. கிழியாத பக்கத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஓரம் ஒரு இடத்தில்கூட நெளியவில்லை. போல்ட் ஓட்டைகள் அச்சில் போட்டது போல் வட்டமாக இருந்தன. கடையில் வாங்கின புதுக் கேஸ்கட்டை அதன் பக்கத்தில் வைத்தேன். கடைக் கேஸ்கட்டில் ஒரு ஓட்டை கொஞ்சம் விலகியிருந்தது.

இந்தத் தாளை வெட்ட அவர் சாப்பாட்டு மேஜையில் மூன்று சாயங்காலம் உட்கார்ந்தார். மேஜையை எப்போது காலி செய்வீர்கள் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆயில் சீலை நெம்பி எடுத்தேன். ரப்பர் வளையம் என்று பெயர், பிளாஸ்டிக் வளையல் மாதிரி விறைத்துப் போய், உள்விளிம்பில் வெடிப்பு. ஒழுகினது இது. இதைத்தான் அவர் பாய் கடையில் கேட்டு, இல்லையென்று வந்திருக்கிறார். அப்போது வீட்டிலும் ஏதோ சொன்னார். சீல் வரட்டும், அதுவரைக்கும் பழையதே என்று. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஜெபத்தை அப்படியே எழுதி வைப்பதாகத் திங்கட்கிழமை சொன்னேன். முழுதும் எழுதவில்லை. கடைசியில் ஒரு வரி உண்டு. "ஒரு வேலையையாவது முழுசாக முடிக்கிற கிருபையை அவருக்குத் தாரும்." சர்வீஸ் முடிய இரண்டு வருஷம் இருக்கையில் அவர் மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் விருப்ப ஓய்வு வாங்கினது சபையில் எல்லாருக்கும் தெரியும். நான் வண்டியைத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சுரண்டினேன். எஞ்சினில் ஒட்டின தாளைப் பழைய தோசைக் கரண்டியால் நாள் முழுக்க. ஜெபக்கூட்டத்துக்குப் போகவில்லை. போதகரம்மாவிடம்: தலைவலி.

ஆகஸ்ட் 10, சனி

முடித்தேன். புதுச் சீலை மூடியில் தட்டி இறக்கினேன். கேஸ்கட்டை ஒட்டி, மூடியை வைத்து, பணியாரச் சட்டியிலிருந்து ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து இறுக்கினேன். நன்றாக, கை வலிக்க, இனி ஜென்மத்துக்கும் அசையாதபடி இறுக்கினேன். பிறகு புல்லியை உள்ளே தள்ளினேன். கொஞ்சம் முரண்டு பிடித்தது. நான் விடுகிறவளா. மரக்கட்டையை வைத்துத் தட்டி உள்ளே அனுப்பினேன்.

புத்தகத்தில் இந்த இடத்தில் ஒரு வரி இருந்தது. நடுவில் ஒரு நீளமான சொல். வேதத்தில் எங்கேயும் வராத சொல். தாண்டிப் போனேன்.

அக்கா பிரேக், நான் நட்டு. இந்தத் தடவை ஹாரன் அடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வைப்பரைப் போட்டார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஆராதனை விட்டு வந்து சாவியைப் போட்டேன். எஞ்சின் ஓடியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓட்டத் தெரியாவிட்டாலும் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். ஒரு துதிப்பாட்டு பாடினேன். இரண்டாம் சரணத்தில் உலகம்மாள் அக்கா காம்பவுண்டு சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"ஏட்டி, பாட்ட நிறுத்திட்டுக் கீழ பாரு."

அவர் போட்ட வேலையில் வண்டி சொட்டியது. நான் போட்ட வேலையில் ஊற்றியது. சின்ன வாய்க்கால் போல் வாசல்வரைக்கும் போய், இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை அக்கா வீட்டுப் பக்கம் திரும்பியது.

மேலும் இன்று ஆராதனை முடிந்து போதகர் ஐயா கேட்டார், நாலு பேர் நிற்கையில்: "சீலியம்மா, அந்தக் கேஸ்கட் விண்ணப்பத்துக்குப் பதில் கிடைச்சுதா?"

"கிடைச்சிட்டிருக்கு ஐயா" என்றேன். இது எந்தக் கணக்கில் வரும் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மதினிக்குப் போட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"மதினி, அவங்ககிட்டக் குடுங்க."

"இங்கதான் இருக்கான், இட்லி திங்கான். என்ன விசயம், எங்கிட்டச் சொல்லு."

"டைமிங் கவரக் கழத்தி மாட்டினேன். ஒழுகுது. என்ன தப்புன்னு கேளுங்க."

மதினி போனைக் காதிலிருந்து எடுக்காமலே, இரண்டடி தூரத்தில் இருக்கிறவரிடம் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்கள். "ஏ எட்வினு, சீலி வண்டியப் பிரிச்சிட்டாளாம். ஒழுகுதாம்." பிறகு என்னிடம், "எந்த மெக்கானிக்குன்னு கேக்கான்."

"நான்தான்னு சொல்லுங்க."

"அவதானாம்." மறுபடி என்னிடம், "இட்லியக் கீழ வச்சிட்டான்."

காத்திருந்தேன். தூரத்தில் அவர் குரல் கேட்டது. பத்து நாளாகக் கேட்காத குரல். மதினி அதை வாங்கி எனக்குத் தந்தார்கள்.

"போல்ட்ட இறுக்குனதுக்கு அப்புறமா புல்லிய விட்டியா, முன்னாடியான்னு கேக்கான்."

"அப்புறம்."

"அப்புறமாம்டா. அது தப்புங்கான். கவர லேசா வச்சி, போல்ட்டு எல்லாத்தையும் தளர விட்டு, புல்லிய உள்ள விடணுமாம். புல்லி போயி கவர நடுவுல நிறுத்திக்கிடுமாம். அதுக்கப்புறம் இறுக்கணுமாம். நீ முன்னாலயே இறுக்கிட்ட, சீலு ஒரு பக்கமா நசுங்கிப் போச்சாம். புதுச் சீலு வாங்கணும்னு சொல்லுதான். வேற ஏதும் கேக்கணுமா?"

கேட்க வேண்டியது இருந்தது. "மோட்டார் சரியாயிட்டா மதினி?"

மதினி எழுந்து வேறு அறைக்குப் போன சத்தம் கேட்டது. கத்தாமல் பேசினார்கள்.

"மோட்டாரு அன்னைக்கே சரியாயிட்டு. அதுல ஒரு நட்டுதான் லூசு. ஏ சீலி, வண்டி ஒழுகினது அவனுக்கு ஒரு விசயமே இல்ல. நீ வீட்டுக்குள்ள ஆயிரம் திட்டு, அவனும் நாலு பேசுவான், முடிஞ்சி போச்சி. நீ ஜெபத்துல சொல்லிட்ட. அவனால எந்திரிச்சிப் போக முடியல, வாயத் திறக்க முடியல. சொல்லி முடிச்சதும் எல்லாரும் ஆமென்னாங்க. நானும் சொல்லிட்டேன், பழக்கத்துல. அதான் எங்கூடக் கூட்டிட்டு வந்தேன்."

"எப்ப வருவாங்க?"

"இங்க ஒரு வயரிங் வேல இருக்காம், பாக்கட்டான்னு கேட்டான் நேத்து. ரூம் வாடகைக்கும் விசாரிச்சான். நான் ஒண்ணும் சொல்லல."

போனை வைத்தபிறகு அகராதியில் அந்த நீளமான சொல்லைத் தேடினேன். நடுவில் நிறுத்து என்றுதான் பொருள். மதினி வழியாக இட்லியோடு வந்த அதே பொருள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வாடகைக்கு ரூம்.

ஆகஸ்ட் 14, புதன்

மறுபடி கழற்றினேன். மைதீன் பாய் இன்னொரு சீலும் கேஸ்கட்டும் தந்தார். கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டார். கேஸ்கட்டை ஒட்டினேன். மூடியை வைத்துப் போல்ட்டுகளை நாலு சுற்றோடு விட்டேன். இறுக்கக் கை துடித்தது. தளர விட்டுவிட்டு நிற்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை, வீட்டில் எந்த வேலையிலும் இல்லை. சீலுக்கு ஆயில் தடவி, புல்லியை மெல்ல உள்ளே விட்டேன். அது போகப் போக மூடி ஒரு நூல் வலப்பக்கம் நகர்ந்து தானாக நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

உலகம்மாள் அக்கா பிரேக்கில் இருந்துகொண்டு, "அடுத்த தடவை எனக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுத்துரு" என்றார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டேன். அடியில் வெள்ளை அட்டை. முன்பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. பின்னால், கியர்பாக்ஸ் பக்கம் ஒரு சொட்டு. அது வேறு சங்கதி. அதை எந்தக் கூட்டத்திலும் விண்ணப்பமாக வைக்கப் போவதில்லை.

நான் நினைத்து வைத்திருந்தபடி சும்மா நின்று பார்த்தேன். பார்க்க ஆள் இல்லை. சும்மா நிற்பது அவ்வளவு நன்றாக இல்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஜெபக்கூட்டம் தங்கதுரை அண்ணன் வீட்டில். கடைசி ஜெபத்தை நான் செய்யட்டுமா என்று கேட்டு வாங்கி, அதிலே எல்லாவற்றையும் ஆண்டவரிடம் சொல்லுவது போல் சொல்லிவிடுவது என்று போனேன். வழி முழுக்க வாக்கியங்களைத் தயார் செய்தேன். நல்ல வாக்கியங்கள். இரண்டு இடத்தில் நானே ஆமென் சொல்லிக்கொண்டேன். அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. மறுபடியும் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருக்க, யாரும் குறுக்கே பேச முடியாத இடத்தில்தான் சொல்லப் பார்க்கிறேன்.

சாட்சி சொல்லுகிற நேரத்தில் எழுந்தேன். எல்லாரும் கண்ணைத் திறந்திருந்தார்கள். தயார் செய்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

"ரெண்டு வாரத்துக்கு முன்னால எங்க வீட்ல ஒரு விண்ணப்பம் வச்சேன். அது தப்பு. அவங்க வெட்டின கேஸ்கட் நல்லாத்தான் இருந்திச்சு. ஒழுகினது வேற ரப்பரு. பாக்காமலே சொல்லிட்டேன். வேலைய முடிக்காதவங்கன்னு சொன்னதும் சேத்துத்தான். அவங்க கண்ணாஸ்பத்திரிக்குப் போகல, எங்கிட்ட மனசு விட்டுப்போயி அக்கா வீட்ல இருக்காங்க."

உட்கார்ந்தேன். இதற்கு ஆமென் சொல்லுவதா, ஸ்தோத்திரம் சொல்லுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. போதகரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். போதகர் ஐயா தரையைப் பார்த்துக்கொண்டு, "நாங்களும் ஆமென் சொன்னோமே" என்றார். அதற்கப்புறம் தங்கதுரை அண்ணன்தான் பேசினார்.

"அந்த ரப்பரு எங்க கிடைக்கும்? எங்க வண்டியும் ஒழுகுது."

ரூபவதி மாமியார் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். டீ வந்தது. குடித்தேன். ஆனால் யார் கேட்க வேண்டுமோ அவர் அந்த அறையில் இல்லை.

ஆகஸ்ட் 17, சனி

மதினி வழியாகச் சொல்லி அனுப்பலாம். போதகர் ஐயாவையே நாசரேத்துக்கு அனுப்பலாம், போகிறேன் என்றுகூடச் சொன்னார். இரண்டும் வேண்டாமென்று அவருடைய போனுக்கு நேராக எழுதி அனுப்பினேன். எழுதியதை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்.

"ஏங்க, வண்டி ஒழுகல. நீங்க சொன்ன மாதிரி புல்லிய முதல்ல விட்டேன். நீங்க வெட்டின கேஸ்கட் அதுக்கு முன்னாடியும் ஒழுகல, ஓரம் முழுக்கத் தூசி காஞ்சு கிடந்துச்சு. அத நான்தான் கிழிச்சிட்டேன். நீங்க வெட்டின அளவுக்குக் கடைக் கேஸ்கட் இல்ல. ஒரு வேலையும் முடிக்காதவங்கன்னு நான் ஜெபத்துல சொன்னது வண்டிய இல்ல, உங்களத்தான். உங்க முகத்தப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாம அப்படிச் சொன்னேன். சொன்னதும் தப்பு, சொன்ன இடமும் தப்பு. நேத்து தங்கதுரை அண்ணன் வீட்ல எல்லாரும் கேக்கச் சொல்லிட்டேன். ஆனா அவங்களுக்குச் சொன்னது போதாது, அதான் உங்களுக்கு எழுதுதேன். அங்க ரூம் பாக்கீங்கன்னு மதினி சொன்னாங்க. நீங்க வீட்டுக்கு வரணும்னு எனக்கு ஆசை. வருவீங்களா, மாட்டீங்களா? எதுவானாலும் நீங்களே சொல்லுங்க, மதினிகிட்டச் சொல்லி விடாதீங்க. சீக்கிரம் பதில் சொல்லுங்க."